ஒரு ஜாண் மிச்சம்

ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து போவது என்னுடைய கெட்ட பழக்கம். அடுத்த முறை உட்காரும்போது விட்ட இடம் தெரிய வேண்டும் என்பது நான் சொல்லிக்கொள்ளும் காரணம். அந்த அடுத்த முறை எட்டு மாதம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் இப்படி ஐந்து ஒட்டுப்போர்வைகள் ஊசியோடு கிடந்தன.

ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பழைய சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட வேண்டும். நடுவில் மெத்தென்று எதையாவது விரித்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றும் நகராமல் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுத்தையல் போட வேண்டும். கடைசியில் விளிம்பை மடித்துத் தைத்தால் முடிந்தது. கைப்பேசியில் ஏதேதோ தேசத்துப் பெண்கள் இதைப் பத்து நிமிஷ வீடியோவில் முடித்து உதறிக் காட்டிச் சிரிக்கிறார்கள். எனக்கு ஒரு வருஷம் ஆகும், சிரிப்பும் வராது.

என் வேலையும் அதற்கு ஒரு காரணம். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி யூனிட்டில் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையின் மேல் வெள்ளைத் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்ட இடம், எண்ணெய்க் கறை, முடி, தூசி என்று குறையைத் தேடுவதற்குத்தான் சம்பளம். அந்தக் கண்ணோடு வீட்டுக்கு வந்து என் தையலைப் பார்த்தால் பத்துத் தையலுக்கு நாலு கோணல். பிரிப்பேன். மறுபடி தைப்பேன். கோபம் வரும். சுருட்டி பீரோவில் எறிவேன்.

முதல் போர்வையில் இந்த ஊர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் ஒன்றைச் செய்தேன். நடுவில் வைக்க ஆஸ்பத்திரிப் பஞ்சை எடுத்தேன். எங்கள் பக்கம் கடைக்குக் கடை கிடைப்பது அதுதானே, வெள்ளையாக, மெத்தையாக, சுருள் சுருளாக. பாதி தைத்ததும் அழுக்காகிவிட்டதென்று வாளியில் முக்கினேன். தண்ணீரை உறிஞ்சுவதற்கென்றே செய்த பஞ்சு அது. வாளியிலிருந்த அவ்வளவு தண்ணீரையும் குடித்துவிட்டு, காய்ந்தபோது போர்வைக்குள் கட்டி கட்டியாக நின்றது. என் கணவர் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, "நீ சொன்னது போர்வைன்னுல்ல நெனச்சேன், கொழுக்கட்டை மூட்டையா?" என்றார். அதற்குப்பிறகுதான் பஞ்சை விட்டுவிட்டு, யூனிட்டில் ஓரம் கிழிந்ததென்று கழித்துப்போடும் பேண்டேஜ் துணியைக் கேட்டு வாங்கிவந்து, மூன்று முறை அலசிச் சுருங்கவிட்டு, எட்டு மடிப்பாக உள்ளே வைக்கக் கற்றுக்கொண்டேன். அது நிற்கிறது. துவைக்கத் துவைக்க இளகுகிறது.

அந்த வகையில் ஒரே ஒரு போர்வையை முழுதாக முடித்தேன். என் தங்கை முதல் முறை உண்டாகியிருந்தபோது, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று. நாலு பக்கமும் மடித்து, கடைசி முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, இஸ்திரி போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு அப்போது ஏழு மாதம். இரண்டே வாரத்தில் பிள்ளை தங்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வைத்து என் அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள். "பொறக்க முன்னாடியே எல்லாத்தையும் செஞ்சு முடிச்சு வச்சா இப்பிடித்தான் ஆகும். எங்க கேக்கீய?" அழுகையோடு வந்த வார்த்தை. அதன்பிறகு அவள் அதைத் திரும்பச் சொன்னதே இல்லை. ஆனால் எனக்குள் அது குத்திக்கொண்டு நின்றுவிட்டது. பிறக்கும் முன் தொட்டில் வாங்கக்கூடாது, புதுத்துணி எடுக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். நான் பட்டப்படிப்புப் படித்தவள், அதைக் கேட்டுச் சிரித்தவள். இரண்டாம் முறை தங்கை உண்டானபோது நான் ஒரு கைக்குட்டையைக்கூட மடித்து வைக்கவில்லை. மூன்றாம் மாதத்தில் அதுவும் போயிற்று. அப்படியானால் போர்வைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று புத்தி கணக்குப் போட்டுச் சொன்னது. கை கேட்கவில்லை. அன்றிலிருந்து எதைத் தைத்தாலும் விளிம்புக்கு வரும்போது என் கை நின்றுவிடும். பீரோவில் ஐந்து சேர்ந்தது அப்படித்தான். கோணல் தையல் என்பது வெளியே சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு. "இதுல ஒண்ணாவது முழுசா வெளிய வருமா?" என்று ஒருநாள் கேட்ட என் கணவர், கேட்டு முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாவது முறை ஏழாம் மாதம் தாண்டியதும் தங்கையே கேட்டாள்.

"எனக்கு ஒரு போர்வை தைச்சுத் தாக்கா."

"பொறந்த பொறவு தாரேன்."

"உன்னையத் தெரியாதா? பொறந்த பொறவு ஆரம்பிச்சன்னா அது காலேஜ் போற வரைக்கும் தைப்ப."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பிரசவத்துக்காக அம்மா அப்போது தங்கையோடுதான் இருந்தாள். அவள் அடுப்படிக்குப் போவதுபோல் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அடுப்பைப் பார்த்தபடி பேசினாள். பழைய சேலைதானே, புதுசு இல்லையே, அதனால் தைக்கலாம். ஆனால் முடிக்க வேண்டாம். ஒரு ஜாண் மிச்சம் வை. பிள்ளை பிறந்து அழுததும் மிச்சத்தைத் தைத்துக்கொள்ளலாம். தங்கையிடம் இதைச் சொல்லவேண்டாம், அவள் மனசு கலங்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிடித்திருந்தது. முடிக்காமல் இருப்பதற்கு முதன்முறையாக ஒருவர் எனக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்தேன். அவளுடைய கல்யாணச் சுங்குடி, அம்மாவின் மெல்லிய ‘வாயில்’ ரகச் சேலை, என்னுடைய நீலச் சேலை. கடைசியாகப் போன ஞாயிறன்று மூன்று பக்க விளிம்பும் முடிந்து, நாலாவது பக்கத்தில் சரியாக ஒரு ஜாண் மிச்சம் இருந்தது. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வழக்கம்போல ஊசியை நூலோடு அந்த இடத்தில் குத்தி, மடித்து, அம்மா கிழித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிகளோடு மஞ்சப்பையில் வைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை டீ நேரத்தில் லாக்கரைத் திறந்து கைப்பேசியை எடுத்தபோது அம்மாவின் குரல் செய்தி ஒன்று இருந்தது. வேலை நேரத்தில் கைப்பேசி உள்ளே கொண்டுபோகக்கூடாது. செய்தி வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. "ஏட்டி, தங்கச்சிக்குப் பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். பதறாம வா. துணிமணியெல்லாம் மஞ்சப்பையில எடுத்துட்டு வந்துட்டேன்."

மஞ்சப்பை என்ற சொல்லை மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். பையில் போர்வை. போர்வையில் ஊசி.

எங்கள் யூனிட்டுக்குள் ஒரு ஊக்குகூடப் போகக்கூடாது. காயத்தின் மேல் வைக்கும் துணி. அதனால் காலையில் வாசலிலேயே முந்தானை ஊக்கு, வளையலில் தொங்கும் ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி அவரவர் டப்பாவில் எண்ணிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். அப்படி ஒரு இடத்தில் வருஷக்கணக்காக வேலை பார்ப்பவள், பிறந்த பிள்ளையைச் சுற்றப்போகும் துணியில் ஊசியை வைத்து அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தங்கையின் ஃபோன் அணைத்து வைத்திருந்தது. அவள் கணவருடையதும் அப்படியே. சூப்பர்வைசரிடம் போய், "நான் போறேன்" என்றேன். "மத்தியானம் வரைக்கும் இருந்துட்டு…" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நல்லவேளை நிறுத்தினார். வாசல் டப்பாவில் என் ஊக்குகளை எடுக்க மறந்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறும்போதுதான் முந்தானை சரிந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே வந்தேன்.

பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் மெதுவாகப் போனது. எந்த நிறுத்தத்தையும் விடவில்லை. ஒரு அம்மா இரண்டு சாக்கு மூட்டையை ஏற்ற, கண்டக்டர் அவளோடு சண்டை பிடிக்க, டிரைவர் அதைத் திரும்பிப் பார்க்க, நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் கிளம்பியது. உட்கார்ந்து மனசுக்குள் ஊசியைத் தேடினேன். எந்தப் பக்கம் குத்தினேன்? முனை உள்ளேயா, வெளியேயா? எட்டு மடிப்பு பேண்டேஜ் துணிக்குள் அது இறங்கியிருந்தால் மேலே தடவினால் தெரியாது. இறுக்கிச் சுற்றினால்தான் தெரியும்.

எத்தனையாவது முறையோ, அம்மாவின் ஃபோனை எடுத்தது தங்கையின் கணவர்.

"மதினி, நான்தான். என் ஃபோன்ல சார்ஜ் இல்லன்னு அத்தை ஃபோனக் கொண்டுட்டு வந்தேன். ஸ்கேன் ஃபைல வீட்லயே விட்டுட்டோம், எடுக்க வந்துருக்கேன். வண்டி ஓட்டையில கேக்கல."

"பிள்ளை பொறந்துருச்சா?"

"நான் வரையில உள்ள கொண்டுட்டுப் போனாக. வலி கூடிருச்சு."

"அந்த மஞ்சப்பை யார்கிட்ட இருக்கு?"

"அத்தைகிட்டயா, உள்ள குடுத்துட்டாகளா… தெரியலையே மதினி. ஏன்?"

சொன்னேன். மறுமுனையில் வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் போறேன்" என்றார். யார் முதலில் போகிறோம் என்று தெரியாமல் இருவரும் ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

நான்தான் முதலில் போனேன். பிரசவ வார்டுக்கு வெளியே இருந்த இரும்பு நாற்காலியில் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சப்பை. பைக்கு மேலே போர்வை, மடித்தபடி. நான் அதைப் பிடுங்கி விரித்து விளிம்பைத் தடவினேன். செக்கிங் டேபிளில் தடவுவதுபோல, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து. ஊசி இல்லை. மறுபடி தடவினேன். இல்லை.

"ஊசி எங்கம்மா? இதுல ஊசி இருந்துச்சு, ஊசி எங்க?"

"ஏன் இப்பிடிக் கத்துற? இங்கதான் இருக்கு." இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, காகிதத்தில் சுற்றிய ஊசியை எடுத்துக் காட்டினாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அரை நிமிஷம் இருக்கும். அதற்குப் பிறகுதான் விளிம்பு கண்ணில் பட்டது. நான் விட்டிருந்த ஒரு ஜாண் அங்கே இல்லை. அந்த இடத்தில் தையல் இருந்தது. என் தையலைவிடச் சின்னதாக, நேராக.

"யாரும்மா தைச்சா?"

அம்மா வேறு பக்கம் பார்த்தாள். "அவதான். பையில துணி எடுக்கையில ஊசி விரல்ல குத்துச்சு. இதென்ன, கடைசியிலயும் அக்கா முடிக்கலையான்னு சிரிச்சா. வலி விட்டு விட்டுத்தான் வந்துக்கிட்டு இருந்துச்சு. இங்க கட்டில்ல உக்காந்து தைச்சுட்டா."

"நீ விட்டியா?"

"வேண்டாம்னேன். ஏன் வேண்டாம்னு கேட்டா. அந்நேரத்துல நான் என்னத்தச் சொல்ல?"

கதவு திறந்து ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்தார். "பிள்ளைக்கு ஹார்ட் பீட் கொஞ்சம் கொறையுது. டாக்டர் வந்துட்டு இருக்காங்க. இங்கேயே இருங்க" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து நான் செய்ததை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது. அம்மாவின் கையிலிருந்து ஊசியை வாங்கினேன். தரையில் உட்கார்ந்தபடியே போர்வையை மடியில் போட்டு, ஊசி முனையைத் தங்கை போட்ட கடைசித் தையலுக்குள் விட்டு நெம்பினேன். அது சட்டென்று வந்துவிட்டது. முடிச்சே இல்லை. 'முடிச்சுப் போடக்கூடத் தெரியாமல் தைத்திருக்கிறாள்' என்று நினைத்தேன். அடுத்தது, அதற்கடுத்தது. ஆட்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைத் தடுக்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கி, போகிறவர்களுக்கு நான் தெரியாதபடி முதுகைக் காட்டி எனக்கு எதிரே உட்கார்ந்து, துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நான் பிரித்தேன். உள்ளே என் தங்கை கத்துவது கேட்டது. எனக்குச் சாமி பேர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பிரி, பிரி என்று மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. வலியில் உட்கார்ந்து என் தங்கை போட்ட ஒவ்வொரு தையலையும் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நூல் முழுவதும் கையோடு வந்தது. ஒரு ஜாண் மறுபடி வாயைத் திறந்தது. உள்ளே வெள்ளைத் துணியின் மடிப்பு தெரிந்தது.

கதவு மறுபடி திறந்தது. அதே நர்ஸ். "துணி குடுங்கம்மா. மெத்துனு பெருசா ஒண்ணு."

அம்மாவும் நானும் ஒரே சமயத்தில் எழுந்தோம். நான் போர்வையை நீட்டினேன். நர்ஸ் அதை வாங்கி, திறந்து கிடந்த விளிம்பைப் பார்த்துவிட்டு, "ஊசி கீசி எதுவும் இல்லையே?" என்று கேட்டார். ஊசியை உயர்த்திக் காட்டினேன். "ஒண்ணுதான். இதோ இருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டார்.

துணி கேட்டார்கள் என்றால் பிள்ளை இருக்கிறது என்றுதானே அர்த்தம். ஆனால் சத்தம் இல்லை. அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஊக்கு இல்லாத முந்தானை அவள் கையோடு சரிந்தது. அப்போது தங்கையின் கணவர் ஃபைலோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்னால் உள்ளே பிள்ளை அழுதது. சின்னக் குரல்தான். பிறகு ஓங்கி ஒரு அழுகை. மூன்று பேரும் நின்ற இடத்திலேயே அழுதோம். பெண் பிள்ளை.

சாயங்காலம் தங்கையைப் பார்க்க விட்டார்கள். பிள்ளை போர்வைக்குள் தூங்கியது. தங்கையின் விரல் அந்தத் திறந்த விளிம்பில் இருந்தது. தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதில் கவனமாக இருந்தேன். அந்த ஒரு ஜாண் அப்படியே நின்றது. அம்மாகூட, பிள்ளை அழுதாயிற்றே தைத்துவிடு என்று ஒருமுறையும் சொல்லவில்லை.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்த பிறகு ஒரு ஞாயிறு. அவளுக்கு அப்போது ஒரே விளையாட்டு, போர்வையின் ஓட்டைக்குள் விரலை விட்டு உள்ளே இருக்கும் பேண்டேஜ் துணியை இழுப்பது. பாதியை வெளியே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே தைக்கலாம்க்கா, தலையில கட்டுப் போட்ட மாதிரி இருக்கா" என்றாள் தங்கை.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அன்னைக்கு நீ தைச்சத நான்தான் பிரிச்சேன்" என்றேன்.

"தெரியும்."

"கோவம் இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. செத்த நேரம்."

"நல்லாத்தான் தைச்சிருந்த. முடிச்சுதான் போடத் தெரியல. சட்டுனு வந்துருச்சு."

தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கண் நிறைந்தது. "ஸ்கூல்ல தையலுக்குப் பரிசு வாங்குனது நீயா நானா? முடிச்சுப் போட எனக்கா தெரியாது? நீயும் அம்மாவும் அடுப்படியில குசுகுசுன்னு பேசுனதும் எனக்குத் தெரியும். தைச்சிடணும்னு ஒரு வீம்பு. ஆனா முடிச்சுக்கு வந்ததும் கை நின்னு போச்சுக்கா. பிள்ளை அழுத பொறவு போட்டுக்கலாம்னு விட்டேன். பொறவு பாத்தா நூலையே காணோம்."

இருவரும் வெள்ளைத் துணியை உள்ளே திணித்து மடித்துவிட்டோம். நான் பிடித்துக்கொள்ள அவள் தைத்தாள். பிள்ளை நூலைப் பிடிக்கப் பார்த்தது, தள்ளி உட்கார வைத்தோம். கடைசித் தையல் வந்ததும் தங்கை ஊசியை என் கையில் கொடுத்துவிட்டாள். "நீ போடு." நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்து, முடிச்சு துணியோடு ஒட்டும் வரை இறுக்கினேன்.

இறுக்கிய நொடியில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தோம். அவள் நூல்கண்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, என்ன இப்படிப் பார்க்கிறார்கள் என்று எங்களைப் பார்த்தாள்.